எட்டுத் தந்தியா, பெடலா? பேஸ் கிடாரில் இரட்டைக் குரல்

பஜனையில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். எல்லோரும் 'ச' பிடிக்கிறார்கள். ஆனால் ஆண்கள் பிடிக்கும் 'ச' கீழே இருக்கிறது, சிறுவர்கள் பிடிக்கும் 'ச' மேலே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு உயரத்தில் இருந்தாலும் காதுக்கு ஒன்றாகவே படுகின்றன. யாரும் "சுருதி சேரவில்லை" என்று சொல்வதில்லை. கூட்டுக்குரல் நிறைவாக இருக்கிறது என்றே சொல்கிறோம். இந்த எளிய உண்மையின் மேல் கட்டப்பட்ட இரண்டு கருவிகளைப் பற்றியதுதான் இக்கட்டுரை. ஒன்று, இரட்டைத் தந்தி கட்டிய பேஸ் கிடார். மற்றொன்று, ஆக்டேவ் பெடல்.

நான் சித்தூர் மாவட்டம் பங்காருபாளையத்தில் வசிப்பவன். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் வாசிக்கும் சிறிய மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லித் தருகிறேன். வெளி மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "பையன் பேஸ் கிடார் கற்றுக்கொள்கிறான். எட்டுத் தந்தி உள்ள பேஸ் வேண்டும் என்கிறான். கடைக்காரர், அதற்கு ஏன் அவ்வளவு செலவு, ஒரு ஆக்டேவ் பெடல் போதும் என்கிறார். எது சரி?" பணம் சிறிய தொகை அல்ல. தவறான பொருளை வாங்கிவிட்டால் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும், பிள்ளையின் ஆர்வமும் கூடவே போய்விடும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஸ்தாயி: ஒரு சிறு கணக்கு

ஒலி என்பது அதிர்வு. ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் சொல்கிறோம். ஒரு சுரத்தின் அதிர்வை இரண்டு மடங்காக்கினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மந்தரம், மத்தியமம், தாரம் என்று கச்சேரி மேடையில் சொல்வதும், மெலிவு, சமன், வலிவு என்று பழந்தமிழ் இசை மரபில் சொல்வதும் இந்த மூன்று நிலைகளைத்தான். மேல்நாட்டார் இதை ஆக்டேவ் என்கிறார்கள். 'ச'விலிருந்து மேல் 'ச' வரை விரல் விட்டு எண்ணினால் எட்டு வரும், அதனால் அந்தப் பெயர்.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே நீக்கிவிடுகிறேன். எட்டுத் தந்தி பேஸில் வரும் 'எட்டு' வேறு, ஆக்டேவில் உள்ள 'எட்டு' வேறு. முன்னது தந்திகளின் எண்ணிக்கை, பின்னது சுரங்களின் எண்ணிக்கை. இரண்டும் ஒத்துப்போனது தற்செயல்.

சாதாரண பேஸ் கிடாரில் நான்கு தந்திகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்பார்கள். அவற்றின் அதிர்வு முறையே சுமார் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கக்கூடிய கீழ் எல்லை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ். இந்த ஐந்து எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் முடிவைத் தீர்மானிக்கப் போவது இவைதான்.

நம் வீட்டிலேயே இருக்கும் உதாரணங்கள்

இரட்டை ஸ்தாயி நமக்குப் புதிய விஷயமே அல்ல. தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தந்திகளில் ஒன்று பஞ்சமம். நடுவில் உள்ள இரண்டும் மத்திய ஸ்தாயி ஷட்ஜம். கடைசித் தடித்த தந்தி மந்தர ஷட்ஜம். அதாவது 'ச' இரண்டு ஸ்தாயிகளில் மாறி மாறி ஒலிக்கிறது. பாடகருக்குப் பின்னால் அந்த நாதம் ஒரு விரிப்புப் போலப் பரவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆர்மோனியம் இன்னும் பொருத்தமான உதாரணம். நல்ல ஆர்மோனியத்தில் 'பாஸ்', 'மேல்' என்று இரண்டு வரிசை ரீடுகள் இருக்கும். (இங்கே 'மேல்' என்பது ஆண்குரலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நம் தமிழ் 'மேல்' அல்ல.) இரண்டு ஸ்டாப்புகளையும் திறந்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரம் இரண்டு ஸ்தாயிகளில் சேர்ந்து வரும். சில பெட்டிகளில் கப்ளர் என்ற அமைப்பும் உண்டு. அதைப் போட்டுவிட்டு ஒரு கட்டையை அழுத்தினால், ஒரு ஸ்தாயி தள்ளியிருக்கும் கட்டையும் தானாகவே அமுங்கும். பஜனை மடத்தில் ஒற்றை ஆர்மோனியம் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஈடுகொடுப்பது இப்படித்தான்.

இந்த ஆர்மோனியத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எளிது. எட்டுத் தந்தி பேஸ் என்பது இரண்டு வரிசை ரீடு போட்ட பெட்டி மாதிரி. இரண்டு குரலும் உண்மையிலேயே தனித்தனியாகப் பிறக்கின்றன. பெடல் அப்படி அல்ல. ஒற்றை ரீடு வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்து, அதைப் பார்த்து இன்னொரு குரலை உடனுக்குடன் தயாரித்துக் கொடுக்கும் உதவியாளர் அது.

எட்டுத் தந்தி பேஸ் எப்படி வேலை செய்கிறது?

மின்சார பேஸ் கிடாரை உலகில் நிலைநிறுத்தியது 1951-இல் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதில் நான்கு தந்திகள்தாம். 1960களில் பன்னிரண்டு தந்திக் கிடார் மிகவும் பிரபலமாயிற்று. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1964 முதல் வாசித்த ரிக்கன்பேக்கர் அதற்குப் பேர்போனது. அதே யோசனையைப் பேஸுக்குக் கொண்டுவந்தார்கள். சுவீடன் நாட்டு ஹாக்ஸ்ட்ரோம் நிறுவனம் 1967-இல் எட்டுத் தந்தி பேஸை வெளியிட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் குழு அதை ஒலிப்பதிவில் பயன்படுத்தியது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஹேமர் நிறுவனம் சீப் ட்ரிக் குழுவின் டாம் பீட்டர்சனுக்காகப் பன்னிரண்டு தந்தி பேஸையே செய்து கொடுத்தது. அதில் ஒவ்வொரு தடித்த தந்திக்கும் பக்கத்தில் இரண்டு மெல்லிய தந்திகள்.

எட்டுத் தந்தியில் ஒவ்வொரு தடித்த தந்திக்கும் ஒரு மெல்லிய துணைத் தந்தி உண்டு. துணை ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்ந்திருக்கும். 41-க்குத் துணை 82, 55-க்கு 110, 73-க்கு 147, 98-க்கு 196 ஹெர்ட்ஸ். இரண்டும் அருகருகே இருப்பதால் ஒரே விரல் இரண்டையும் சேர்த்து அழுத்தும்.

நீளம் ஒன்றே, சுருதி மட்டும் இரு மடங்கு எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நீளமும் இழுவிசையும் மாறாமல் அதிர்வு இரு மடங்காக வேண்டுமானால் தந்தியின் எடை நான்கில் ஒரு பங்காக வேண்டும். எடை நான்கில் ஒன்று என்றால் குறுக்களவு ஏறக்குறையப் பாதி. அதனால்தான் துணைத் தந்தி பாதித் தடிமனாக இருக்கிறது.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. பேஸ் தந்தி ஒவ்வொன்றும் சுமார் 15 முதல் 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கிடாரின் கழுத்தை இழுக்கிறது. நான்கு தந்தி என்றாலே அறுபது எழுபது கிலோ. இன்னும் நான்கைச் சேர்த்தால் கழுத்து அதைத் தாங்க வேண்டும். ஆகவே சாதாரண பேஸில் ஓட்டை போட்டு நாமே துணைத் தந்தி கட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அதற்கென்று வலுவாகச் செய்த கழுத்தும், உள்ளே நல்ல ட்ரஸ் ராடும், எட்டுத் தந்தியையும் தனித்தனியே நகர்த்திச் சரிசெய்யக்கூடிய பிரிட்ஜும் வேண்டும். தடித்த தந்திக்கும் மெல்லிய தந்திக்கும் பிரிட்ஜில் ஒரே இடம் பொருந்தாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாங்கி வைத்த மலிவான கருவிகளில், திறந்த தந்தியில் சுருதி சேரும், பன்னிரண்டாம் கட்டத்துக்குப் போனால் கலையும்.

பெடல் எப்படி வேலை செய்கிறது?

பெடல்களில் மூன்று வகை உண்டு. கடையில் எல்லாவற்றையும் 'ஆக்டேவ்' என்றே சொல்வார்கள். வேறுபாடு தெரியாமல் வாங்குவதால்தான் பாதி ஏமாற்றம்.

முதல் வகை மேல் ஸ்தாயியைத் தருவது. லண்டனில் ரோஜர் மேயர் ஹென்ட்ரிக்ஸுக்காகச் செய்த 'ஆக்டேவியா' இவ்வகையில் புகழ்பெற்றது. 1967-இலேயே அது ஒலித்தட்டில் கேட்டுவிட்டது. தந்தியிலிருந்து வரும் மின் அலை மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளங்களையெல்லாம் மேலே மடித்து மேடாக்கிவிட்டால், முன்பு ஒரு மேடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு மேடு. அதாவது அதிர்வு இரு மடங்கு. யுக்தி எளிது, ஆனால் குரல் கரகரப்பாக இருக்கும்.

இரண்டாம் வகை கீழ் ஸ்தாயியைத் தருவது. பாஸ் நிறுவனம் 1982-இல் வெளியிட்டு 2003 வரை விற்ற ஓசி-2 பேஸ் கலைஞர்களிடையே பெரும் பெயர் பெற்றது. இந்த வகையைப் புரிந்துகொள்ள ஒரு வாசற்காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் உள்ளே போனால் அவர் சுவரில் ஒரு கோடு போடுவார். அலைகள் விநாடிக்கு 110 வந்தால் கோடுகள் 55. இப்படிப் பாதியாக எண்ணிக் கீழ் ஸ்தாயியை உண்டாக்குகிறது மின்சுற்று. ஒருவர் பின் ஒருவராக வரும்வரை காவலருக்குக் கஷ்டமில்லை. இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் கூட்டம் முண்டியடிக்கிறது, எண்ணிக்கை தவறுகிறது, பெடல் உளறுகிறது.

மூன்றாம் வகை கணினி முறையில் இயங்குவது. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட 'பாக்' பெடல் இதில் பெயர்பெற்றது. பல சுரங்களைச் சேர்த்து வாசித்தாலும் குழம்பாது. மேல், கீழ் இரண்டு ஸ்தாயிகளையும் வேண்டிய அளவில் கலந்து தரும். விலை சற்று அதிகம்.

எந்த வகையானாலும் ஒரு பொது உண்மை உண்டு. பெடல் முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் பேச வேண்டும். 41 ஹெர்ட்ஸ் அலை ஒன்று முழுதாக வந்து முடியவே விநாடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரம் ஆகும். ஆகவே சுரம் தாழத் தாழப் பெடல் தடுமாறும், உயர உயரத் தெளியும். எட்டுத் தந்தியில் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு தந்தியும் ஒரே விரலடியில் பிறப்பவை.

பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால்

முதலில் திசை. பலரும் கவனிக்காதது இதுதான். எட்டுத் தந்தி பேஸ் மேல்நோக்கியே போகிறது. அது சேர்ப்பது மேல் ஸ்தாயி. பேஸ் கலைஞர்கள் மிகுதியாக வாங்கும் ஆக்டேவ் பெடலோ கீழ்நோக்கிப் போகிறது. ஒன்று பிள்ளைக் குரலைச் சேர்க்கிறது, மற்றொன்று தாத்தா குரலைச் சேர்க்கிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பதே தவறு. பையன் கேட்ட பாட்டில் எந்தத் திசை இருக்கிறது என்று முதலில் அவனிடம் கேளுங்கள்.

அடுத்தது சுருதி. 55 ஹெர்ட்ஸ் தந்தியின் துணை சரியாக 110-இல் நிற்க வேண்டும். அது 111-இல் நின்றால் என்ன ஆகும்? தடித்த தந்தி தன் 55-ஓடு கூட 110-ஐயும் இயல்பாகவே ஒலிக்கிறது. அந்த 110-உம் துணையின் 111-உம் மோதி, விநாடிக்கு ஒரு முறை ஒலி பெருகிச் சிறுக்கும். இதை அலைவு என்போம். அளவாக இருந்தால் இந்த அலைவுதான் எட்டுத் தந்தியின் உயிர். இரண்டு பேர் சேர்ந்து பாடுவது போன்ற மினுமினுப்பு அதிலிருந்தே வருகிறது. அளவு மீறினால் சுருதிபேதம். பெடலில் இரு மடங்கு என்றால் இரு மடங்கு, பாதி என்றால் பாதி. அலைவு கிடையாது. சுத்தமாக இருக்கும், சில காதுகளுக்குச் சற்று உயிரற்றதாகவும் இருக்கும். ஆனால் எட்டுத் தந்திகளுக்குச் சுருதி சேர்ப்பது நான்கைவிட இரு மடங்கு வேலை. பொறுமை இல்லாத பிள்ளைக்கு அது ஒரு தண்டனை.

மூன்றாவது கமகம். நம் பிள்ளைகளுக்கு இதுவே முக்கியம் என்பது என் கருத்து. இரட்டைத் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி இழுத்தால், தடித்ததும் மெல்லியதும் ஒரே அளவு ஏறுவதில்லை. ஒன்று 'ரி'யைத் தொடும்போது மற்றொன்று வழியிலேயே நிற்கும். மாண்டலின் கலைஞர் யூ. ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்தவர், 2014-இல் மறைந்தார். மேல்நாட்டு மாண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். அவர் கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்டதோ ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்சார மாண்டலினை. ஜோடித் தந்தியில் கமகம் பிடிபடாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. மாண்டலினில் ஜோடிகள் ஒரே சுருதி, ஒரே தடிமன். அதிலேயே இந்தச் சங்கடம் என்றால், தடிமன் மாறுபட்ட எட்டுத் தந்தி பேஸில் கேட்கவே வேண்டாம். பெடலில் இந்தத் தடை இல்லை. ஒற்றைத் தந்தியை நீங்கள் எப்படி அசைத்தாலும் பெடலின் குரல் அதே அசைவோடு பின்தொடரும்.

இளையராஜா 1976-இல் திரையிசைக்கு வந்த பிறகு தமிழ்ப் பாட்டில் பேஸ் கிடாரின் நடையே மாறிற்று. தாளத்தோடு ஒட்டிக்கொண்டு நின்ற பேஸ், பாட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பாட்டுப் பாட ஆரம்பித்தது. அவர் குழுவில் நீண்டகாலம் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்களைப் பின்பற்ற ஆசைப்படும் பிள்ளைகள் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த நடைகளில் சறுக்கலும் துள்ளலும் வேகமும் அதிகம். அவற்றுக்கு ஒற்றைத் தந்தியே ஏற்றது. நீண்டு நிற்கும் சுரங்கள், மெதுவான நடை, நிறைந்த பின்னணி என்றால் எட்டுத் தந்தி சிறக்கும்.

நான்காவது கையின் உரிமை. எட்டுத் தந்தியில் மெல்லிய தந்தியை மட்டும் லேசாகத் தொடலாம், தடித்ததை மட்டும் அழுத்தி மீட்டலாம், பிளெக்ட்ரத்தைச் சாய்த்துக் கலவையை மாற்றலாம். எந்தத் தந்தி மேல்பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் குரல் மாறும். கீழ்நோக்கி மீட்டும்போது முதலில் படுவதே முன்னால் கேட்கும். பெடலில் இந்த நுணுக்கங்கள் குமிழ்களுக்குப் போய்விடுகின்றன. ஆனால் பெடலைக் காலால் ஒரு மிதி மிதித்தால் இரட்டைக் குரல் மறைந்து பழைய பேஸ் வந்துவிடும். எட்டுத் தந்தியை அப்படி அணைக்க முடியாது.

திருவிழா மேடை சொல்லும் பாடம்

இதுவரை சொன்னதெல்லாம் அமைதியான அறைக்குப் பொருந்தும். எங்கள் பக்கத்து மேடைகளில் இன்னொரு நியாயம் இருக்கிறது.

கங்கை ஜாத்திரையிலும் விநாயகர் சதுர்த்தியிலும் தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்று கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது இன்னும் பல கிராமங்களில் வழக்கம். அந்தக் குழாய்கள் பேச்சுக்கும் நாகஸ்வரத்துக்கும் நன்றாக ஈடுகொடுக்கும். சுமார் 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றால் ஒலிக்க முடியாது. நம் பேஸின் 41-உம் 98-உம் அதில் நுழையவே முடியாது. பிறகு எப்படிப் பேஸ் கேட்கிறது? காதின் அதிசயம் அது. ஒவ்வொரு தந்தியும் தன் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளையும் சேர்த்தே தருகிறது. அடிப்படை காணாமற்போனாலும், மேலே உள்ளவை கேட்டால் போதும், மூளை கணக்குப் போட்டு அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டரில் நாம் பேஸ் நடைகளைக் கேட்டு மகிழ்ந்தது இப்படித்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கீழ் ஸ்தாயிப் பெடல் 41-ஐ 20 ஆக்குகிறது. காதின் கடைசி எல்லை அது. எந்தத் திருவிழாக் குழாயிலும் வராது. தவிர, அப்பெடல்களின் குரல் மழுங்கியது, மேல் அதிர்வுகள் குறைவு. எங்கள் குழுவிலேயே ஒரு முறை இதைச் சோதித்தோம். பெரிய பேஸ் பெட்டிகள் வைத்த கல்யாண மண்டபத்தில் பெடலைப் போட்டால் தரை அதிர்ந்தது. அடுத்த வாரம் கிராமத்து மேடையில் அதே பெடல், அதே பாட்டு. பின்வரிசையில் நின்று கேட்ட நண்பர், பெடலை மிதித்ததும் பேஸ் கூடவில்லை, குறைந்துவிட்டது என்றார். பெங்களூரிலிருந்து வந்திருந்த இன்னொரு நண்பரிடம் எட்டுத் தந்தி பேஸ் இருந்தது. அதை வாசித்தபோது ஒவ்வொரு சுரமும் கம்பத்துக் குழாயில் மணிமணியாகக் கேட்டது. மெல்லிய தந்தியின் மேல் அதிர்வுகள் 300-க்கு மேலே ஏராளமாக இருந்ததே காரணம். இரண்டாவது கிடார்க்காரருக்குச் சம்பளம் கொடுக்க வசதியில்லாத நான்கு பேர் குழுவுக்கு அது ஓர் ஆள் பலம்.

கருவியின் தகுதி கருவியோடு முடிவதில்லை. அது எந்த ஒலிபெருக்கி வழியாக யார் காதுக்குப் போகிறது என்பதும் சேர்ந்ததே தகுதி. அடுக்குமாடி வீட்டில் ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கும் பிள்ளைக்கு ஒரு விடை, சங்க விழா அரங்கில் வாசிக்கும் குழுவுக்கு வேறு விடை.

அப்படியானால் எதை வாங்குவது?

கற்றுக்கொள்ளத் தொடங்கி இரண்டு ஆண்டு ஆகாத பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம். நல்ல நான்கு தந்தி பேஸ் ஒன்றும் ஆசிரியர் ஒருவரும் போதும். இரட்டைக் குரல் விரல் பிழையை மறைக்காது, இரட்டிப்பாக்கும்.

விரல் தெளிந்த பிறகு முதலில் பெடல் வாங்குவதே புத்திசாலித்தனம். இருக்கிற பேஸிலேயே பயன்படும், பையில் அடங்கும், பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். வாங்கும்போது மேல் ஸ்தாயியா, கீழ் ஸ்தாயியா, சேர்த்து வாசித்தால் தாங்குமா என்ற மூன்றையும் கேட்டு, சொந்தக் கிடாரை எடுத்துப்போய் வாசித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கீழ் ஸ்தாயிப் பெடலுக்கு ஏழாம் கட்டத்துக்கு மேலே வாசியுங்கள். டோன் குமிழைக் குறைத்துவிடுங்கள். மற்றத் தந்திகளைக் கையால் அடக்குங்கள். காவலர் தெளிவாக எண்ணுவார். கரகரப்புப் பெடல் வேறு இருந்தால், ஆக்டேவ் அதற்கு முன்னால் இருக்கட்டும்.

எட்டுத் தந்தி பேஸ், தன் குரல் இன்னது என்று தெரிந்துகொண்ட வாசிப்பாளருக்கு உரியது. விலை அதிகம், நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, மாற்றுத் தந்திகளையும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். சாதாரணக் கிடார்த் தந்தி பேஸின் நீளத்துக்குப் பெரும்பாலும் போதாது. ஆனால் கிராமத்து மேடையோ, சிறிய குழுவோ, நீண்ட சுரங்களின் அழகில் மனம் வைத்த வாசிப்போ என்றால், எந்தப் பெடலும் அந்த மினுமினுப்பைத் தராது.

வீட்டில் செய்து பார்க்க மூன்று பயிற்சிகள்

1. அப்பாவோ தாத்தாவோ 'ச' பிடித்து நிற்கட்டும். பிள்ளை மேல் 'ச' பிடிக்கட்டும். இரண்டு குரலும் ஒன்றாகிவிடும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு பிள்ளையின் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லி, அலைவு எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். எட்டுத் தந்தியின் பாடம் முழுவதும் இதில் இருக்கிறது.

2. ஆர்மோனியம் இருந்தால் முதலில் ஒரு ஸ்டாப்பை மட்டும் திறந்து ஒரு கீர்த்தனையின் பல்லவியை வாசியுங்கள். பிறகு இரண்டையும் திறந்து வாசியுங்கள். எந்த இடத்தில் இரட்டைக் குரல் அழகு சேர்க்கிறது, எந்த இடத்தில் குழப்புகிறது என்று பிள்ளையே சொல்லட்டும்.

3. இளையராஜா பாட்டு ஒன்றை முதலில் கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரிலும் பிறகு நல்ல ஹெட்ஃபோனிலும் கேளுங்கள். பேஸ் நடையை இரண்டு முறையும் வாயால் பாடிக் காட்டச் சொல்லுங்கள். சிறிய ஸ்பீக்கரில் இல்லாத சுரத்தையும் பிள்ளை பாடிவிடும். காது எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது அப்போது புரியும்.

இந்த மூன்றுக்கும் ஒரு காசும் செலவில்லை. ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அப்போது "எது நல்லது?" என்று கடைக்காரரிடம் கேட்க மாட்டீர்கள். "மேல் ஸ்தாயி எவ்வளவு தெளிவாக வருகிறது, போட்டுக் காட்டுங்கள்" என்பீர்கள். பிள்ளையும் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படாது, தன் காதைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும்.